ஈடன் கார்டன் ஸ்கோர் அட்டையில் தொடங்குங்கள்: தென்னாபிரிக்க அணியின் மீள்வருகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை

இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேலாகச் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த தென்னாபிரிக்க அணி 1991இல் எவ்வாறு மீண்டும் களத்துக்கு வந்தது என்பதைத் திருகோணமலையில் ஒரு வாசிகசாலையிலோ விளையாட்டுக் கழகத்திலோ இரண்டு மாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் கழகச் செயலாளர்களுக்கும் மூத்த வீரர்களுக்குமாக இதனை எழுதுகிறேன். உப்புவெளிப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் இதுவரை நான்கு தடவைகள் இதனை நடத்தியிருக்கிறேன். முதல் தடவை நான் தென்னாபிரிக்காவின் 1948ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அதன்பின் மக்களை நிறத்தால் பிரிக்க வந்த நிறவெறிச் சட்டங்களிலும் தொடங்கினேன். அரை மணித்தியாலம் கழிவதற்குள் பிள்ளைகளின் பார்வை வாசல் பக்கம் போய்விட்டது. இரண்டாம் தடவை ஒரு ஸ்கோர் அட்டையைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். கேள்விகளை அவர்களே கேட்டார்கள். அன்று முதல் அந்த ஒழுங்கை நான் மாற்றவில்லை, நீங்களும் மாற்றவேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் போதும். போயா விடுமுறை நாளின் மாலை வசதியானது, ஏனெனில் ரியூஷன் வகுப்புகள் இருப்பதில்லை. ஒரு கரும்பலகை, வெண்கட்டி, இரண்டு பிறிஸ்டல் அட்டைகள், ஓர் உலகப்படம், ஒரு துடுப்பு, ஒரு மென்பந்து ஆகியவற்றோடு, 1991இல் இந்தியாவுக்கு வந்த தென்னாபிரிக்க அணியின் புகைப்படம் ஒன்றையும் பெரிதாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காணொளி காட்டுவதை நான் விரும்புவதில்லை. திரை எரியத் தொடங்கினால் பிள்ளைகள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியவர்கள் எழுந்து வந்து பலகையில் விரல் வைத்துக் கேட்கும் பிள்ளைகள்.

முதல் மாலை

பிள்ளைகள் வருவதற்கு முன்பே பலகையில் இதை எழுதிவிடுங்கள்: 1991 நவம்பர் 10, கல்கத்தா, ஈடன் கார்டன். தென்னாபிரிக்கா 47 ஓவர்களில் 8 விக்கெட் இழப்புக்கு 177. இந்தியா 40.4 ஓவர்களில் 7 விக்கெட் இழப்புக்கு 178. அதன் கீழே தென்னாபிரிக்காவின் பதினொரு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: ஜிம்மி குக், அன்ட்ரூ ஹட்சன், கெப்லர் வெசல்ஸ், பீட்டர் கேர்ஸ்டன், ஏட்ரியன் கைப்பர், கிளைவ் ரைஸ், பிரயன் மக்மிலன், டேவ் ரிச்சட்சன், ரிச்சட் ஸ்நெல், ரிம் ஷோ, அலன் டொனால்ட். பெயர்களுக்குப் பக்கத்தில் அணியின் புகைப்படத்தை ஒட்டிவிடுங்கள்.

முதலில் வேறெந்த ஆட்டத்தையும் போலவே அதை வாசிக்கச் சொல்லுங்கள். வெசல்ஸ் 50, கைப்பர் 43. இந்தியத் தரப்பில் பதினெட்டு வயதுச் சச்சின் டெண்டுல்கர் 62, முதல் ஆட்டத்தில் ஆடிய பிரவீன் அம்ரே 55. தோற்ற அணியின் டொனால்ட் 29 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். கிரிக்கெட் தெரிந்த பிள்ளை இதிலேயே ஆட்டத்தைக் கண்முன் கொண்டுவந்துவிடும். எட்டிப்பிடிக்கக்கூடிய இலக்கை ஒரு வேகப்பந்து வீச்சாளர் தனியாளாக நின்று கடினமாக்கியிருக்கிறார் என்பதை அவர்களே சொல்வார்கள். ஏறத்தாழ 90,000 பேர் அந்த மைதானத்தில் இருந்தார்கள் என்பதையும், தமக்கு எதிராக ஒரு நாளும் ஆடியிராத அணியை அவர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பிறகு அணித்தலைவர் கிளைவ் ரைஸின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இவருக்கு அன்று 42 வயது, இதுவே இவருடைய முதலாவது சர்வதேச ஆட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஏன் என்று கேட்பார்கள். 1971-72 பருவத்தில் ஆஸ்திரேலியா செல்லவிருந்த அணிக்கு அவரைத் தெரிவுசெய்திருந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணம் நடைபெறவில்லை. அடுத்த வாய்ப்பு இருபது ஆண்டுகள் கழித்தே வந்தது. நிலவில் காலடி வைத்தபோது நீல் ஆம்ஸ்ட்ரோங் என்ன உணர்ந்திருப்பார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது என்ற பொருளில் அவர் அந்தச் சுற்றுப்பயணத்தில் கூறியது ஏன் என்று பிள்ளைகளுக்கு அப்போது விளங்கும்.

இனிப் பொறுமையாக இருங்கள். முக்கியமான கேள்வியை நீங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எங்கள் வாசிகசாலையில் சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு சிறுமி எழுந்து வந்து, புகைப்படத்தில் ஒவ்வொரு முகத்தின் மீதும் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போய், கடைசி முகத்தில் விரல் நின்றபடியே கேட்டாள்: “சேர், இது ஆபிரிக்கா நாடுதானே? இதில ஏன் ஒரு கறுப்பு ஆள்கூட இல்லை?” விரலில் ஒட்டியிருந்த வெண்கட்டித் தூள் அந்த முகங்களின் குறுக்கே ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கேள்வி வரும்வரை அடுத்த பகுதிக்குப் போகவேண்டாம். பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள்.

பதிலை 1948இல் தொடங்காதீர்கள். நிறவெறி சட்டமாவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1894இல், இங்கிலாந்துக்குச் சென்ற முதலாவது தென்னாபிரிக்க அணியில் குரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் அவருடைய நிறத்தின் காரணமாகவே சேர்க்கப்படவில்லை. 1889இல் முதல் டெஸ்ட் ஆடிய நாள் தொடக்கம் 1970வரை தென்னாபிரிக்கா இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளுடன் மட்டுமே டெஸ்ட் ஆடியது. உலகப்படத்தில் அந்த மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு மேற்கிந்தியத் தீவுகளையும் இந்தியாவையும் பாகிஸ்தானையும் காட்டி, இவற்றோடு ஒரு தடவைகூட ஆடவில்லை என்று சொல்லுங்கள். மைதானங்களில் வெள்ளையரல்லாதோருக்குத் தனியே அடைத்த பகுதிகள் இருந்தன என்பதையும், அங்கிருந்தவர்கள் சொந்த நாட்டு அணியை விட்டுவிட்டு வந்த அணிக்கே கைதட்டினார்கள் என்பதையும் சொன்னால், வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்து கிரிக்கெட் பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் அதன் கனம் புரிந்துவிடும்.

பசில் டி ஒலிவேராவுக்குக் குறைந்தது அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். முழுக் கதையின் திருப்புமுனை அவரே; அவரை ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோகும் பாடங்களைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கேப் டவுனில் பிறந்தவர். அந்த நாட்டின் சட்டம் அவரைக் கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தியதால் எவ்வளவு ஓட்டம் குவித்தாலும் தேசிய அணியின் பக்கம்கூடப் போகமுடியாது. இங்கிலாந்தின் வானொலி வர்ணனையாளர் ஜோன் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதி, தமக்கு அங்கே ஏதாவது ஒரு கழகத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். 1960இல் மிடில்டன் என்ற சிறிய கழகம் ஒரு பருவத்துக்கு 450 பவுண் தருவதாக அழைத்தது. முதிர்ந்தவர் என்று தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்தில் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே ஆடி, 1966இல் இங்கிலாந்தின் டெஸ்ட் அணியில் இடம்பிடித்தார்.

1968 ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில், இன்னொரு வீரர் உடல்நலமின்றி விலகியதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் எடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி செல்லவேண்டிய நாடு தென்னாபிரிக்கா. சில நாட்களில் அணி அறிவிக்கப்பட்டபோது அவர் பெயர் அதில் இல்லை. அன்று அவர் வூஸ்டர்ஷயர் அணிக்காகச் சதம் அடித்துவிட்டு வந்திருந்தார். உடைமாற்றும் அறையில் வானொலியில் பெயர்கள் வாசிக்கப்பட்டதைக் கேட்டு அழுதார். இந்த இடத்தில் நிறுத்தி, 158 அடித்தவரை விடுவதற்கு என்ன காரணம் இருக்கமுடியும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். செப்டெம்பரில் ரொம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். தென்னாபிரிக்கப் பிரதமர் ஜோன் வோஸ்டர் அந்த அணியை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார். செப்டெம்பர் 24இல் சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது.

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் வரும். பலகையில் இருக்கும் பதினொரு பெயர்களையும் 158 என்ற எண்ணையும் காட்டி, தெரிவுக்குழு கூடிய அறைக்குள் அரசியல் எப்போது நுழைந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

அதற்குப் பின் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1970இன் தொடக்கத்தில் தென்னாபிரிக்கா ஆஸ்திரேலியாவை 4-0 என்று வென்றது. மார்ச் 10இல் முடிந்த போர்ட் எலிசபெத் டெஸ்டே கடைசி. அதே ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணம், பீட்டர் ஹெய்ன் முன்னின்று நடத்திய மாணவர் போராட்டத்தின் விளைவாக, அரசாங்கத்தின் வேண்டுகோளில் நிறுத்தப்பட்டது. 1971இல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் சபையின் தலைவராக இருந்த டொன் பிரட்மனே அடுத்த சுற்றுப்பயணத்தை விலக்கிக்கொள்ளும் முடிவை அறிவித்தார். 1977இல் பொதுநலவாய நாடுகள் கிளெனீகிள்ஸ் உடன்பாட்டின் மூலம் தென்னாபிரிக்காவுடனான விளையாட்டுத் தொடர்புகளைத் தடுக்க உறுதிபூண்டன.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான புத்தகங்கள் இந்த இடத்தில் பரி ரிச்சட்ஸ் நான்கே டெஸ்டுகளில் 508 ஓட்டங்கள் எடுத்ததோடு நின்றுபோனதையும், கிரேம் பொலக் 60.97 என்ற சராசரியோடு 23 டெஸ்டுகளில் முடிந்துபோனதையும் சொல்லி இரங்கும். அந்த இரக்கம் நியாயமானதே. ஆனால் அவர்களுக்குச் சராசரி என்ற ஒன்றாவது இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் காலத்திலிருந்து நூறு ஆண்டுகளாகத் தெரிவுக்கே வராமல் போனவர்களுக்குப் பலகையில் எழுத ஓர் எண்கூட இல்லை. நான் பொலக்கின் சராசரியை எழுதிவிட்டு, அதன் கீழே ஒரு வெற்றுக் கோடு போட்டு அப்படியே விட்டுவிடுவேன்.

முதல் மாலையின் கடைசிப் பகுதி இலங்கையைப் பற்றியது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தனிமைப்பட்ட தென்னாபிரிக்கா பணம் கொடுத்து வெளிநாட்டு வீரர்களை அழைத்தது. இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் வீரர்கள் தத்தம் சபைகளின் தடையை மீறிப் போனார்கள். 1982இன் இறுதியில் இலங்கையிலிருந்தும் ஓர் அணி போனது. அதன் தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டு பெப்ரவரி 17இல் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் தொடங்கிய இலங்கையின் முதலாவது டெஸ்டில் அணித்தலைவராக இருந்தவரும், இலங்கைக்காக டெஸ்டின் முதல் பந்தைச் சந்தித்தவரும் அவரே. பதினான்கு வீரர்களுக்கும் இலங்கைச் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. ஆண்டுகள் கழிந்து அது நீக்கப்பட்டாலும் பெரும்பாலோரின் ஆட்டக்காலம் அதற்குள் முடிந்திருந்தது.

இதைச் சொல்லும்போது குரலில் ஏளனமும் வேண்டாம், வக்காலத்தும் வேண்டாம். அந்தக் காலத்தில் இலங்கை வீரர் ஒருவருக்குக் கிரிக்கெட்டால் கிடைத்த வருமானம் எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லுங்கள். பெட்டி கட்டிக்கொண்டு போன நாட்டில் அதே நிறமுடைய டர்பன்வாசி ஒருவருக்குத் தேசிய அணியில் இடமில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த மாலை வரும்போது அவர்கள் இதைப் பற்றித் தாங்களாகவே பேசிக்கொண்டு வருவார்கள்.

இரண்டாம் மாலை

மீள்வருகை ஈடன் கார்டனில் தொடங்கவில்லை. இந்த வழிகாட்டியில் ஒரேயொரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிறிஸ்டல் அட்டையில் இரண்டு பெரிய வட்டங்கள் வரையுங்கள். ஒன்றில் தென்னாபிரிக்கக் கிரிக்கெட் ஒன்றியம்: வெள்ளையரின் கையில் இருந்தது, மைதானங்களும் பணமும் அதனிடம். மற்றதில் தென்னாபிரிக்கக் கிரிக்கெட் சபை: நிறவெறி நீங்காத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்கமுடியாது என்று ஹசன் ஹோவா போன்றவர்கள் உயர்த்திப்பிடித்த கொள்கையோடு, நல்ல ஆடுகளம்கூட இல்லாத இடங்களில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தது. டர்பன் நகரம் இருக்கும் நேற்றால் மாகாணத்தில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் இந்த இரண்டாவது வட்டத்துக்குள் இருந்தார்கள். 1860இல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலேறியவர்களின் வழிவந்த தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். இன்று தென்னாபிரிக்க டெஸ்ட் அணியில் செனுரன் முத்துசாமி என்ற பெயரைக் கேட்டு நமது பிள்ளைகள் வியப்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

1990 பெப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். அந்த வாரங்களில் மைக் கற்றிங் தலைமையில் தடையை மீறி வந்திருந்த இங்கிலாந்து வீரர்களுக்கு எதிரான ஆர்ப்பாட்டங்கள் அந்தச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் குறுக்கிவிட்டன. அதனை ஏற்பாடு செய்த, கிரிக்கெட் ஒன்றியத்தின் நிர்வாகி அலி பாக்கர், இனி இந்த வழி சரிவராது என்பதை நேரில் கண்டார். எதிரெதிராக இருந்த இரு அமைப்புகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர் மண்டேலாவின் கட்சியான ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் ஸ்டீவ் ஷ்வேற்றே. ரொபன் தீவுச் சிறையில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர். 1991 ஜூன் 29இல் இரண்டு அமைப்புகளும் கலைந்து தென்னாபிரிக்க ஐக்கிய கிரிக்கெட் சபை உருவாகியது. இதைச் சொல்லும்போது அட்டையின் இரண்டு வட்டங்களையும் சுற்றி ஒரே கோடு போடுங்கள். அதற்குப் பதினொரு நாள் கழித்து, ஜூலை 10இல், இலண்டனில் கூடிய சர்வதேச கிரிக்கெட் பேரவை தென்னாபிரிக்காவை மீண்டும் உறுப்பினராக ஏற்றது. முன்மொழிந்த நாடு இந்தியா. நிறப்பாகுபாட்டை எதிர்த்து 1946இலேயே வணிகத்தை முறித்துக்கொண்ட நாடும், 1974இல் டேவிஸ் கிண்ண டென்னிஸ் இறுதிப்போட்டியைத் தென்னாபிரிக்காவுடன் ஆடமறுத்து விட்டுக்கொடுத்த நாடும் அதுவே. கதவைச் சாத்தியவரே திறந்துவிட்டார் என்பதால்தான் அந்த முன்மொழிவுக்கு அவ்வளவு மதிப்பு. ஒக்டோபரில் சார்ஜாவில், மண்டேலாவின் ஆதரவுக்குப் பிறகு, 1992 உலகக் கிண்ணத்திலும் இடம் கொடுக்கப்பட்டது. நவம்பரில் இந்தியாவுக்கு வரவிருந்த பாகிஸ்தான் அணியின் பயணம் ரத்தாக, அந்த வெற்றிடத்தில் ஈடன் கார்டன் ஆட்டம் வந்து பொருந்தியது.

இப்போது முதல் மாலையின் புகைப்படத்துக்குத் திரும்புங்கள். சபை ஒன்றாகிவிட்டது; ஆனால் பதினொருவரும் வெள்ளையர். ஃபையிக் டேவிட்ஸ், ஹுசைன் மனாக் என்ற வெள்ளையரல்லாத இரு இளைஞர்களும் வேறு இரு இளைஞர்களும் அனுபவம் பெறுவதற்காக அணியோடு அழைத்துவரப்பட்டார்கள், ஆடவில்லை. அது அவசரமான மீள்வருகையா, சரியான நேரமா என்று பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து வாதிடவையுங்கள். என் கருத்து கேட்கப்பட்டால், ஐக்கிய சபை உருவாகிய பின் வந்ததால் அது ஏற்கத்தக்கது என்றே சொல்வேன்; ஆனால் அதை வாதம் முடிந்த பின்னரே சொல்வேன்.

நமது ஊரில் மூன்று சமூகத்தவரின் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஆடுகிறார்கள். அணித் தெரிவைப் பற்றிய பேச்சு எழும்போது யாராவது ஒரு பிள்ளை இங்குள்ள ஏதாவது ஒன்றோடு ஒப்பிடும். நீங்களாக அந்த ஒப்பீட்டைத் தொடக்கிவைக்காதீர்கள். வந்தால் வாயை அடைக்கவும் வேண்டாம். எது ஒத்திருக்கிறது, எது ஒத்திருக்கவில்லை என்று அந்தப் பிள்ளையையே சொல்லவையுங்கள். தென்னாபிரிக்காவில் ஒதுக்கிவைத்தது எழுதப்பட்ட சட்டம் என்பதை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

உலகக் கிண்ணத்துக்கு வரும்போது வெளியே போகலாம். பெப்ரவரி 26இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை 9 விக்கெட்டுகளால் வென்றதையும், ரைஸுக்குப் பின் அணித்தலைவரான வெசல்ஸ் ஆட்டமிழக்காமல் 81 எடுத்ததையும், ஆட்டம் முடிந்ததும் ஷ்வேற்றே கண்ணீரோடு அவரைக் கட்டியணைத்ததையும் நடந்துகொண்டே சொல்லுங்கள். வெள்ளையரான அணித்தலைவரை, அந்த அரசு பதினைந்து ஆண்டுகள் சிறையில் வைத்திருந்த மனிதர் அணைத்துக்கொண்டார்.

மார்ச் 2இல் வெலிங்டனில் இலங்கை அவர்களை 3 விக்கெட்டுகளால் வென்றது. தென்னாபிரிக்கா 195, இலங்கை 49.5 ஓவர்களில் 7 விக்கெட் இழப்புக்கு 198; ரொஷான் மஹாநாம 68, அர்ஜுன ரணதுங்க ஆட்டமிழக்காமல் 64. அந்த ஆட்டத்தை நான் நிலாவெளியில் பெரியப்பாவின் வானொலியில் கேட்டேன். மின்சாரம் இல்லாத காலம். முதல் நாள் முழுவதும் வெயிலில் காயவைத்த பற்றறிகளைப் போட்டு, விடியுமுன் முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். சத்தம் தேய்ந்துகொண்டே போனதால் கடைசி ஓவர்களில் பெரியப்பா வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தையும் எங்களுக்குத் தமிழில் சொன்னார். வென்றதும் நாங்கள் துள்ளினோம். அவர் மட்டும், “அவங்கள் இருபது வருசத்துக்குப் பிறகு வந்தவங்கள், அதையும் நினைக்கவேணும்” என்றார். அந்த வாக்கியத்திலிருந்துதான் எனக்கு இந்த விடயத்தில் நாட்டம் பிறந்தது. உங்கள் ஊரிலும் அந்த ஆட்டத்தை வானொலியில் கேட்டவர்கள் இருப்பார்கள். ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசவையுங்கள்.

அரையிறுதியை விளையாடியே காட்டவேண்டும். மக்கெய்சர் மைதானத்தின் ஓரத்திலோ கடற்கரை மணலிலோ ஆடுகளம் அமைத்து, இருவரைத் துடுப்பெடுத்தாட நிறுத்துங்கள். 13 பந்துகள், 22 ஓட்டங்கள் என்று அறிவியுங்கள். களத்தடுப்பாளர்கள் தங்கள் இடங்களுக்குப் போய், பந்துவீச்சாளர் ஓடத் தயாராகும்போது விசிலை ஊதி, மழை என்று சொல்லி எல்லோரையும் மரத்தடியில் அமரச்செய்யுங்கள். 12 நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்து, இன்னும் ஒரே பந்துதான் இருக்கிறது, இலக்கோ ஓர் ஓட்டம் மட்டும் குறைந்து 21 என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். 1992 மார்ச் 22இல் சிட்னியில் நடந்தது இதுவே. மைதானத்தின் பலகையில் 22 என்றே காட்டப்பட்டது. மக்மிலன் கடைசிப் பந்தில் ஓர் ஓட்டம் எடுத்துவிட்டு நடந்து போனார். இங்கிலாந்து 19 ஓட்டங்களால் வென்றது.

ஏன் என்பதை மணலில் குச்சியால் எழுதி விளக்குங்கள். மழையால் ஓவர்கள் குறைந்தால், முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ஓட்டம் பெற்ற ஓவர்களே கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்பது அன்றைய விதி. ஆகவே தென்னாபிரிக்கா மிக நன்றாக வீசிய இரண்டு ஓவர்கள், ஓட்டமே கொடுக்காத மெய்டன் என்று பெருமைப்பட்ட ஓவர்கள், அதற்கே எதிராகத் திரும்பிவிட்டன. இன்று நடைமுறையில் இருக்கும் டக்வர்த் லூயிஸ் ஸ்ரேன் முறைக்கு வித்திட்ட அநீதிகளுள் இதுவும் ஒன்று.

ஆரவாரம் அடங்கியதும் இன்னொரு தேதியைச் சொல்லுங்கள். அரையிறுதிக்கு ஐந்து நாட்களுக்கு முன், மார்ச் 17இல், நிறவெறியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தையைத் தொடரலாமா என்று தென்னாபிரிக்காவில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க முடிந்தவர்கள் வெள்ளையர் மட்டும், 68.7 வீதத்தினர் ஆம் என்றனர். இல்லை என்ற பதில் வந்திருந்தால் அணிக்கு என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும். கறுப்பின மக்கள் முதன்முறையாக வாக்களிப்பதற்கு 1994 ஏப்ரல்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

மீள்வருகைக்குப் பின் பார்படோஸில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 1992 ஏப்ரலில் ஆடிய முதலாவது டெஸ்டில், 201 என்ற இலக்கை நோக்கி 2 விக்கெட்டுக்கு 122 என்றிருந்தவர்கள், அம்ப்ரோஸும் வோல்ஷும் வீச 148க்குச் சுருண்டதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். நவம்பரில் டர்பனில் இந்தியாவுக்கு எதிராக வெள்ளையரல்லாத வீரரான ஒமர் ஹென்றி நாற்பது வயதில் டெஸ்ட் ஆடினார் என்பதைச் சற்று நிறுத்திச் சொல்லுங்கள். மறுஆண்டு ஓகஸ்டில் தென்னாபிரிக்கா முதன்முறையாக இலங்கைக்கு டெஸ்ட் ஆட வந்தபோது மொரட்டுவையில் முத்தையா முரளிதரன் தமது முதலாவது ஐந்து விக்கெட் பெறுபேற்றை அவர்களுக்கு எதிராகவே எடுத்தார். இதைச் சொன்னால் நமது பிள்ளைகளின் முதுகு தானாக நிமிரும்.

கடைசி வேலை. இரண்டாவது பிறிஸ்டல் அட்டையை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதலாவதில் ஈடன் கார்டன் 1991. இரண்டாவதில் கேப் டவுன், 1998 மார்ச், இலங்கைக்கு எதிரான டெஸ்ட்: கிழக்குக் கேப்பின் ம்டிங்கி கிராமத்தில் மாடு மேய்த்த மக்காயா நிட்டினி, தென்னாபிரிக்காவின் முதலாவது கறுப்பின ஆபிரிக்க டெஸ்ட் வீரராக இறங்கியது அந்த ஆட்டத்தில்தான். மூன்றாவதில் லோர்ட்ஸ், 2025 ஜூன் 14: ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டுகளால் வென்று டெஸ்ட் உலகச் சம்பியனான அணி. தலைவர் ரெம்பா பவுமா, தொடைத் தசைப் பிடிப்போடு நொண்டியபடி 66 ஓட்டங்கள், மார்க்ரம் 136, கூடவே ரபாடா, இங்கிடி, டர்பனின் கேசவ் மகாராஜ். மூன்று பத்திகளின் பெயர்களையும் பிள்ளைகளே தேடி எழுதட்டும்.

எழுதிமுடிந்ததும் நடுப் பத்தியின் பக்கத்தில் நிட்டினி 2020இல் கூறியதைச் சேர்க்கச் சொல்லுங்கள். 101 டெஸ்டுகளில் 390 விக்கெட்டுகள் எடுத்த அந்த மனிதர், அணியின் பேருந்தில் தன் பக்கத்தில் வந்து அமர யாரும் விரும்பாத தனிமையைத் தவிர்ப்பதற்காக, பையைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு விடுதியிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போனதாகச் சொன்னார். நாங்களெல்லோரும் அதை அவருடைய உடற்பயிற்சி என்றே எண்ணியிருந்தோம். எங்கள் வாசிகசாலையில் இதைக் கேட்ட ஒரு பையன் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு போய், முதல் மாலையில் பொலக்கின் சராசரிக்குக் கீழே நான் வெறுமையாக விட்டிருந்த கோட்டின் மேல் 390 என்று எழுதினான்.

அட்டைகளையும் பலகையையும் ஒரு கிழமைக்கு அகற்றாமல் விட்டுவிடுங்கள். காலையில் பத்திரிகை வாசிக்க வரும் பெரியவர்கள் அதன் முன் நின்று வர்ணபுரவைப் பற்றியும் வெலிங்டன் ஆட்டத்தைப் பற்றியும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்குவார்கள். அப்போது எழுதிக்கொள்ள ஒரு பிள்ளையைக் கொப்பியோடு பக்கத்தில் இருத்துங்கள்.